அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு: மகன் எந்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 36. அப்பா 48 வயதில், இரவு உணவுக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். பெரியப்பாவுக்கு 53 வயதில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. உங்களுக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. இந்த நிலையில், விளம்பரங்களில் வரும் இதயப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதுமா, அல்லது நேரடியாக ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். தங்கைக்கும் எட்டு வயது மகளுக்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, அப்பாவின் வயதை நெருங்க நெருங்க அவருக்கு நேர்ந்தது நமக்கும் நேருமோ என்ற அச்சம்தான் என்று நினைக்கிறேன். அந்த அச்சம் நியாயமானது. அதை அலட்சியப்படுத்தாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பொது மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, 24 ஆண்டுகளாக ஒரு மாவட்டத் தலைநகரில் நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். இதயநோய் நிபுணன் அல்ல. ஆனால் யாரை இதயநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், யாரை அனுப்பத் தேவையில்லை என்று முடிவுசெய்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. உங்களை நேரில் பார்க்காமலும், ரத்த அழுத்தம்கூட எடுத்துப் பார்க்காமலும் எழுதுவதால், உங்களுக்கான மருந்து எது என்பதை இங்கே சொல்ல முடியாது. எதை, எந்த வரிசையில், எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். சுருக்கமாகச் சொன்னால், ஆஞ்சியோகிராம் இப்போது வேண்டாம். தொகுப்பில் இருக்கும் பரிசோதனைகளில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு மிகவும் தேவையான இரண்டு விஷயங்கள் பெரும்பாலான தொகுப்புகளில் இருக்காது. ஒன்று, அப்பாவுக்கு உண்மையில் வந்தது என்ன என்ற விசாரணை. மற்றொன்று, லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தப் பரிசோதனை.

குடும்பத்தில் இதயநோய் என்று யார் சொன்னாலும் நாங்கள் முதலில் கேட்பது, யாருக்கு, எந்த வயதில் என்பதையே. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய ரத்த உறவுகளில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ, பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ இதயத் தமனி நோய் வந்திருந்தால், அதை இளம்வயதில் வந்த குடும்ப நோயாகக் கணக்கிடுகிறோம். எழுபத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்த தாத்தா இந்தக் கணக்கில் வரமாட்டார். உங்கள் அப்பா வருகிறார். பெரியப்பா அடுத்த வட்டத்து உறவு என்றாலும், ஒரே தலைமுறையில் சகோதரர் இருவருக்கும் சிறு வயதிலேயே வந்திருப்பது அந்தச் சான்றுக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை அதிகம். அதே நேரத்தில், இரண்டு மடங்கு என்பது விதி எழுதிவிட்டது என்ற பொருளில் அல்ல. அப்பாவிடமிருந்து மரபணு மட்டும் வருவதில்லை. சாப்பாட்டுப் பழக்கமும், சிகரெட்டும், ரத்த அழுத்தத்தைப் பார்க்காமலே காலம் தள்ளும் வழக்கமும் அதே வீட்டிலிருந்துதான் வருகின்றன. அவற்றை மாற்ற முடியும்.

தெற்காசியர்கள் என்ற வகையில் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகளின்படி, முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழங்கள் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, மது ஆகியவற்றோடு தொடர்புடைய ஒன்பது காரணிகள்தான் உலகெங்கும் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கணக்குச் சொல்கின்றன. நமக்கு ஆறு ஆண்டு முன்னதாக வருவதற்கும் பெரும்பாலும் இதே காரணிகள் இளம்வயதிலேயே சேர்ந்துவிடுவதுதான் காரணம். ஆகவே நமக்கென்று புரியாத சாபம் எதுவும் தனியாக இல்லை.

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். திடீரென்று இறந்த எவருக்கும் 'மாரடைப்பு' என்று எழுதிவிடுவது நம் ஊர்களில் மிகவும் சாதாரணம். பிரேதப் பரிசோதனை நடந்திருக்காது. ஈசிஜிகூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் பரம்பரையாக வரும் இதயநோய் ஒரே நோய் அல்ல. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்புப் படிவது ஒரு வகை. மிகப் பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் நோய். இதயத் தசையே தடித்துப்போவது வேறு வகை. இதயத்தின் மின்னோட்டத்தில் பிழை இருந்து, தமனிகள் சுத்தமாக இருக்கும்போதே துடிப்பு திடீரென்று நின்றுபோவது மூன்றாவது வகை. முதல் வகைக்கு ரத்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் ஈசிஜியிலும், எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் தொடங்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் தொகுப்பை வாங்குவது, ஊர் பெயர் தெரியாமல் பேருந்து ஏறுவதைப் போன்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் தம்பியோடு வந்தார். அண்ணன் 29 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டதாகவும், தம்பிக்குக் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பழைய காகிதங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மறுவாரம் ஒரு ஜவுளிக்கடையின் மஞ்சள் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். ஈசிஜி தாள்கள் நான்கும் வெளுத்து வெறும் ரோஜா நிறக் கட்டங்களாக இருந்தன. ஆனால் இறப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், மயக்கம் என்று சேர்த்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் எக்கோ முடிவு ஒரே வரியில் இருந்தது. இதயத்தின் நடுச்சுவர் 24 மில்லிமீட்டர். வழக்கமாக அது 11 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு இருந்தது தசை தடிக்கும் பரம்பரை நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும். அன்றைக்கே தம்பிக்கு எக்கோ செய்தோம்; அவருக்கும் சுவர் தடித்திருந்தது. கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆகவே முதல் வேலையாக அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தனவா, புகைபிடித்தாரா, மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்று முன்பு எப்போதாவது சொன்னாரா, காரணமில்லாமல் மயங்கி விழுந்தாரா என்று கேளுங்கள். குடும்பத்தில் வேறு யாராவது நாற்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்தார்களா என்றும் விசாரியுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் கிணற்றில் மூழ்கியதும், ஓடும்போதோ திடுக்கிடும்போதோ வலிப்பு வருகிறது என்று சொல்லப்பட்டவர் இறந்ததும் சில நேரங்களில் மின்னோட்டப் பிழையின் அடையாளங்கள். பெரியப்பாவின் பைபாஸ் கோப்பு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஈசிஜி தாள்கள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வகையைச் சேர்ந்தவை. சில ஆண்டுகளில் அழிந்துவிடும். கையில் இருப்பவற்றை இன்றே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெரியப்பாவுக்குப் பைபாஸ் செய்ததால் உங்கள் குடும்பத்தில் இருப்பது தமனி நோய்தான் என்பது ஏறக்குறைய உறுதி. அப்பாவுக்கும் அதுவே என்பது மிகவும் சாத்தியம். இனி எழுதுவது அந்த அடிப்படையில்.

ரத்த அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். எளிமையாக இருப்பதாலேயே மிகவும் தவறாகச் செய்யப்படும் பரிசோதனை இது. மாடியேறி வந்தவரை உட்காரவைத்து, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுக்கும் எண்ணுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. காபி குடித்தோ புகைபிடித்தோ அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதிவையுங்கள். காலையும் மாலையும் இப்படி ஏழு நாள் செய்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஒரு வாரம் இப்படி எழுதிக்கொண்டு வரும் நோயாளியின் தாளை, எந்த நவீனக் கருவியின் ரிப்போர்ட்டைவிடவும் நான் மதிக்கிறேன்.

அடுத்து சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழ் இருக்க வேண்டும், 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இடையில் இருந்தால் அதன் வாசலில் நிற்கிறீர்கள். ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த எண் தவறாக வரலாம் என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டருக்கும் பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனாலே கவலைப்பட வேண்டும். எடை சரியாக இருந்தாலும் தொப்பை இருந்தால் அது கணக்கில் வரும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்க்கலாம்.

ரத்தக் கொழுப்பில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் மொத்தக் கொலஸ்ட்ரால் அல்ல, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கலாம். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' எல்லோருக்குமான பொது அளவு. உங்களுக்கான அளவு அல்ல. எல்.டி.எல். 128 வந்திருக்கும் இருவரில் ஒருவருக்குக் குடும்ப வரலாறோ வேறு காரணிகளோ இல்லாவிட்டால் நான் சாப்பாட்டையும் நடையையும் பற்றிப் பேசி அனுப்பிவிடுவேன். மற்றவர் உங்களைப் போன்றவர் என்றால், அதே 128-ஐ வைத்து மருந்து பற்றி விரிவாகப் பேசுவேன். இந்தியாவில் முதல் கொலஸ்ட்ரால் பரிசோதனையை 18 வயதிலேயே செய்ய வேண்டும், குடும்ப வரலாறு இருந்தால் அதற்கும் முன்பே செய்யலாம் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு ஏற்கெனவே தாமதம்தான்.

லிப்போபுரோட்டீன்-ஏ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1963-இல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டறிந்த இந்தக் கொழுப்புத் துகள், எல்.டி.எல். போலவே தமனிச் சுவரில் படிகிறது. இதன் அளவு கிட்டத்தட்ட முழுவதும் மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது; உணவாலோ உடற்பயிற்சியாலோ பெரிதாக மாறாது. தெற்காசியர்களிடம் இது உயர்ந்திருப்பது ஐரோப்பியர்களைவிட அதிகம். புகைக்காத, சர்க்கரை இல்லாத, ஒல்லியான ஒருவருக்கு 45 வயதில் மாரடைப்பு வந்து குடும்பமே குழம்பி நிற்கும்போது, காரணம் சில நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உயர்வு என்று கொள்கிறோம். இதைக் குறைப்பதற்கென்றே சில மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. இன்றைக்கு நாம் செய்யக்கூடியது, எல்.டி.எல்.-ஐயும் ரத்த அழுத்தத்தையும் மற்றவர்களைவிடக் கடுமையாகக் கட்டுப்பாட்டில் வைப்பது. லேபில் கேட்கும்போது பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அப்போலிப்போபுரோட்டீன்-ஏ1 என்பது வேறு பரிசோதனை. இரண்டையும் குழப்பி மாற்றி எடுத்துவந்த ரிப்போர்ட்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது சாப்பாட்டால் வந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒற்றை மரபணுப் பிழையால் பிறவியிலிருந்தே கொலஸ்ட்ரால் உயர்ந்திருக்கும் குடும்ப நோய் ஒன்று உண்டு. ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பிகளில் இதன் வேர் இருப்பதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை, குதிகால் வலி என்று வந்த 41 வயது ஆசிரியரின் குதிகால் தசைநாணைப் பிடித்துப் பார்த்தபோது அது கட்டைவிரல் தடிமனுக்கு, முடிச்சு முடிச்சாக இருந்தது. செருப்பு உரசித் தடித்துவிட்டது என்று அவர் பல ஆண்டுகளாக நினைத்திருக்கிறார். விரல் மடக்கின் பின்புறத் தசைநாண்களிலும் அதே முடிச்சுகள். எல்.டி.எல். 268 வந்தது. அண்ணன் 39 வயதில் இறந்ததை அதற்குப் பிறகுதான் சொன்னார். அவருடைய மூன்று பிள்ளைகளில் இருவருக்கு அதே நோய் இருந்தது. இன்று அந்த நான்கு பேரில் மூவர் மாத்திரையோடு நலமாக இருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளைக்கு மாத்திரையே தேவையில்லை. சொந்தத்தில் திருமணம் செய்யும் நம் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். கணவன் மனைவி இருவருக்கும் இந்தப் பிழை இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரட்டைப் பங்காக வரும். அப்படிப் பிறந்த குழந்தைக்கு முழங்கால், முழங்கைகளில் மஞ்சள் கட்டிகளும் பதின்ம வயதிலேயே மாரடைப்பும் வரலாம்.

இப்போது நீங்கள் கேட்ட கருவிகள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி, எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் இதயம் எப்படி இருக்கிறது என்பதையே காட்டும். தமனியில் கணிசமான அடைப்பு இருப்பவருக்கும் அது இயல்பாக வரலாம். இருந்தாலும் மலிவானது, தசை நோய்க்கும் மின்னோட்டப் பிழைக்கும் தடயம் தரக்கூடியது என்பதால் ஒருமுறை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் நெஞ்சுவலி என்று போனால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும். எக்கோ இதயத்தின் தசையையும் வால்வுகளையும் காட்டும், அடைப்பைக் காட்டாது. 'எக்கோ நார்மல், அதனால் அடைப்பு இல்லை' என்று யாராவது சொன்னால் அது தவறு. அப்பாவின் மரணத்துக்குக் காரணம் உறுதியாகத் தெரியாததால் உங்களுக்கு ஒருமுறை எக்கோ செய்வதை நான் ஏற்பேன், ஆண்டுதோறும் தேவையில்லை.

டிரெட்மில் பரிசோதனையில்தான் மக்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். தமனி ஏறத்தாழ 70 சதவீதம் குறுகியிருந்தால்தான் ஓடும்போது ரத்தம் போதாமல் ஈசிஜி மாறும். ஆனால் திடீர் மாரடைப்புகள் பல, அதைவிடக் குறைவாகக் குறுகியிருந்த இடங்களில்தான் நிகழ்கின்றன. சுவரில் படிந்திருக்கும் கொழுப்பின் மேல்மூடி கிழிகிறது. அங்கே ரத்தம் உறைகிறது. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த குழாய் சில நிமிடங்களில் அடைபடுகிறது. போன மாதம்தான் டிரெட்மில் செய்தார், நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று சாவு வீட்டில் அழுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ரிப்போர்ட் பொய்யல்ல. அது சொல்லாத ஒன்றை நாம் அதில் படித்துக்கொண்டோம். மறுபுறம், தொந்தரவு இல்லாத இளையவர்களிடமும், குறிப்பாகப் பெண்களிடமும், நோயே இல்லாமல் 'பாசிட்டிவ்' என்று வந்து தேவையற்ற ஆஞ்சியோகிராமில் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது.

ஆஞ்சியோகிராம் குழாயின் உள்வழியைக் காட்டும். கொழுப்புப் படியும் சுவரைக் காட்டாது. அரிதென்றாலும் ரத்தக்குழாய்க் காயம், பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் அதில் உண்டு. அடைப்பைக் கண்டுபிடித்து, குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு, 37 நாடுகளில் நிலையான இதயத் தமனி நோய் இருந்த 5,179 பேரை வைத்து நடந்தது. மருந்தோடு ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் பெற்றவர்களுக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே உயிரிழப்பில் வேறுபாடு இல்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் வேளையில் ஸ்டென்ட் உயிர் காக்கும் என்பதில் எந்த ஐயமும் இல்லை. தொந்தரவே இல்லாத 36 வயதுக்காரருக்கு அது காப்பீடு ஆகாது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி மருத்துவர்களே வேறுபடும் இடங்கள். சி.டி. மூலம் தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் மதிப்பெண் நல்ல பரிசோதனை. ஊசி இல்லை, கதிர்வீச்சும் குறைவு. மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கிறேன். 100-க்கு மேல் இருந்தால் ஊசலாட்டம் முடிந்தது. ஆனால் கொழுப்பு படிந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் சுண்ணாம்பு சேரும் என்பதால், உங்கள் வயதில் பூஜ்யம் வந்தால் அது பெரிய ஆறுதல் அல்ல. பெரும்பாலானோருக்குப் பூஜ்யம்தான் வரும். பூஜ்யத்தைத் தாண்டி ஏதாவது வந்தால் மட்டும் அது பெரிய செய்தி. நான் நான்கைந்து ஆண்டு காத்திருக்கச் சொல்வேன். லிப்போபுரோட்டீன்-ஏ மிக உயர்ந்திருந்தால் இப்போதே செய்யலாம் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எந்த எல்.டி.எல். எண்ணில் தொடங்குவது என்பதும் அப்படித்தான். எல்.டி.எல். 190-க்கு மேல் என்றால் விவாதமே இல்லை. 100-க்கும் 160-க்கும் இடையில், உங்கள் வயதில், குடும்ப வரலாறு மட்டும் இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நேரடியான ஆய்வுச் சான்று குறைவு. பத்தாண்டு ஆபத்தைச் சொல்லும் கணிப்பான்கள் இளையவர்களை எப்போதும் பாதுகாப்பானவர்கள் என்றே காட்டும், ஏனென்றால் அவற்றில் வயதின் எடை மிக அதிகம். அவற்றுள் சில குடும்ப வரலாற்றைக் கேட்பதே இல்லை. எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும் என்பது மட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உறுதியானது. மருந்து என்பது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆஸ்பிரினை மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். 2018-இல் வெளியான பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, நோய் வராதவர்களுக்கு அதனால் கிடைக்கும் சிறு நன்மையை ரத்தக்கசிவு ஆபத்து ஈடுகட்டிவிடுகிறது என்று தெரிந்துவிட்டது.

மரபணுப் பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது விற்க வருவார்கள். பல மரபணுக்களைக் கூட்டி மதிப்பெண் தரும் பரிசோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவிலிருந்து உருவானவை. நமக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. இதயத் தசையின் ஒரு புரத மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் உண்டு என்று 2009-இல் வெளியானபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. அந்த நான்கு பேரில் பெரும்பாலோர் நோயின்றி வாழ்கிறார்கள். அதை மட்டும் தனியாகப் பார்த்து என்ன செய்வது என்பது இன்னும் தெளிவாகவில்லை. ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீனை அளக்கும் பரிசோதனையை விட்டுவிடுங்கள். வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை. மரபு பலவீனமாக இருந்தாலும் கை கட்டிப்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 55,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களிலும், புகைக்காமல், எடை கூடாமல், உடற்பயிற்சியோடும் நல்ல உணவோடும் வாழ்ந்தவர்களுக்கு இதயநோய் ஏறத்தாழ பாதியாக இருந்தது. நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. புகைப்பவர் என்றால், மேலே சொன்ன எல்லாப் பரிசோதனைகளுக்கும் முன்னால் அதை நிறுத்துவதற்கு உதவி தேடுங்கள்.

எல்லா எண்களும் நன்றாக வந்தாலும், நடக்கும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தம் வந்து நின்றால் தணிகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்விலேயே வந்து சில நிமிடங்களில் போகாத அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள்; நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் அப்பாவைப் போலவே பலருக்கு இது சாப்பாட்டுக்குப் பிறகு வருவதால், வாயு என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவர்களுக்குத் தேவையான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் நிலையம் எது, ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தங்கைக்கும் உங்களுக்குச் சொன்ன அதே பரிசோதனைகள்தான். அப்பா அவருக்கும் அப்பாதானே. பெண்களுக்கு வராது என்று நம் வீடுகளில் மகனை மட்டும் அழைத்துவருவதை அடிக்கடி பார்க்கிறேன். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உயர்ந்திருந்தால், மாதவிடாய் நாற்பது வயதுக்கு முன்பே நின்றுவிட்டால், அவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். மூன்றுமே பிற்கால இதய ஆபத்தைக் கூட்டுபவை. பரிசோதனைகள் நன்றாக வந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கு ஒருமுறையும், கொலஸ்ட்ராலை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது என் நோயாளிகளுக்கு நான் சொல்லும் வழக்கம்.

மகளுக்கு என்ன பார்ப்பது என்பது உங்கள் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. உங்கள் எல்.டி.எல். 190-க்கு மேல் வந்தால் தாமதிக்காமல் அவளுக்கும் கொலஸ்ட்ரால் பாருங்கள்; அந்தக் குடும்ப நோய் இருக்கும் குழந்தைகளுக்கு எட்டு, பத்து வயதிலிருந்தே மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை தொடங்குவதுண்டு. உங்களுடையது அப்படி இல்லாவிட்டாலும், அவளுடைய தாத்தாவுக்கு இளம்வயதில் வந்திருப்பதால், ஒன்பதிலிருந்து பதினோரு வயதுக்குள் குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை பார்த்துவிடலாம். ஈசிஜி, எக்கோ எதுவும் அவளுக்கு இப்போது வேண்டாம். பெரியப்பாவின் கோப்பு கிடைத்து, அதில் தசை நோயைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கடைசி வரியை நான் மாற்றிக்கொள்வேன்.